திறன்பேசி மின்கலமும் பழைய விதிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மின்சாரத்தை ஆக்கிய வரலாறு பாடநூல்களிற் பலபட எழுதப்பட்டுள்ளது. அதனை அடைத்துவைத்த வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. ஆக்கிய மின்சாரம் கம்பியின் வழியே ஓடி அக்கணமே செலவாகிவிடும் இயல்பினது. அதனைச் சிறியதொரு பேழைக்குட் பொதிந்து, சட்டைப்பையிற் கொண்டு திரிந்து, வேண்டியபோது வேண்டியவளவு எடுத்துக்கொள்ளும் வல்லமை மனிதனுக்கு எளிதில் வாய்த்ததன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சியின் பயனாக வாய்த்த அவ்வல்லமை, இன்று திறன்பேசி என்னும் கருவிக்குள், ஒரு விரலின் தடிப்பும் இல்லாத தகடாக அடங்கிக் கிடக்கின்றது.

அக்கருவியை வைத்திருப்போர் யாவருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. வாங்கிய ஆண்டில் இரவுவரை நின்ற மின்சாரம், இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தபின் நண்பகலிலேயே தீர்ந்துவிடுகின்றது. இதற்குப் பரிகாரமாக வீடுதோறும் வழங்கும் விதிகள் சில உள. 'முற்றாக இறங்கவிட்டுப் பின்னரே மின்னேற்றுதல் வேண்டும்' என்பது ஒன்று. 'புதிய பேசியைப் பாவிக்கத் தொடங்குமுன் எட்டு மணிநேரம் தொடர்ந்து மின்னேற்றுதல் வேண்டும்' என்பது மற்றொன்று. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவாரும் உளர், அது பொருந்தாது. இவ்விதிகள் ஒரு காலத்தில், வேறொரு மின்கலத்துக்கு, மெய்யாகவே பொருந்தியிருந்தவை. கலம் மாறிற்று, விதி மாறவில்லை. எந்த விதி எந்தக் கலத்துக்குப் பிறந்தது, இன்றைய கலம் வேண்டிநிற்பது யாது என்பனவற்றை வரலாற்று முறையாற் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தாலியரான அலெசாந்திரோ வோல்ற்றா என்பார், நாகத் தகடுகளையும் வெள்ளித் தகடுகளையும் மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் தோய்த்த அட்டைகளை வைத்துத் தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்ற செய்தியை 1800 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதியனுப்பினார். மின்கலத்தின் வரலாறு அக்கடிதத்தோடு தொடங்குகின்றது எனலாம். பின்னர் அது இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒருமுறை தீர்ந்தால் எறிந்துவிடும் முதற்கலம் ஒன்று. மீண்டும் மின்னேற்றிப் பாவிக்கத்தக்க துணைக்கலம் மற்றொன்று. 1859 இல் பிரான்சு நாட்டுக் கஸ்ரன் பிளாந்தே அமைத்த ஈயக்கலம் துணைக்கலங்களுள் மூத்தது. மோட்டார் வண்டிகளில் இன்றும் வாழ்வது. 1866 இல் லெக்கிளாஞ்சே அமைத்த கலத்தை 1886 இல் செர்மானியரான காள் கஸ்னர் உலர்ந்த வடிவுக்கு மாற்றினார். கைவிளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் ஊரெங்கும் பாவிக்கப்பட்ட பற்றரி இதன் வழிவந்ததே.

அவ்வுலர்கலத்தின் ஆயுளை நீட்டும் கலையிற் பயின்றோர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகப் பலர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையிற் சேர்ந்தன. துவிச்சக்கரவண்டியை நிறுத்திவைத்து, அதன் மிதியைச் சுற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. தீர்ந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மீளவும் பொருத்திப் பார்த்தல் அதற்கு முன்பே நாடெங்கும் இருந்த வழக்கம். இவ்வழக்கத்துக்கும் காரணம் உண்டு. வெப்பம் ஏறும்போது இரசாயனத் தாக்கம் விரைவுபெறும். கலத்துள் எஞ்சிக்கிடந்த சிறிதளவு ஆற்றல் அதனால் வெளிப்படும். எறியப்போகும் கலத்திலிருந்து கடைசித் துளியையும் பிழிந்தெடுப்பதற்கு இது நல்ல உபாயமே. ஆயின் அதே வெயில், மீண்டும் மீண்டும் பாவிக்கவேண்டிய இன்றைய கலத்துக்கு நஞ்சாகும். ஒரு தலைமுறைக்குள் மருந்து நஞ்சாக மாறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

நிற்க. மேலே கூறிய இரு விதிகளும் பிறந்த இடம் நிக்கல்-கட்மியக் கலம் ஆகும். சுவீடன் நாட்டு வல்டெமார் யுங்னர் என்பார் 1899 இல் இதனை ஆக்கினார். உறுதி வாய்ந்தது, பெரிய மின்னோட்டத்தையும் தரவல்லது, அடைத்து மூடிய வடிவில் வெளிவந்தபின் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கையிற் கொண்டு திரியும் கருவிகள் பலவற்றுக்கும் இதுவே உயிரூட்டியது. இக்கலத்தை மின்னேற்றும் பழைய முறை யாதெனின், அதன் கொள்ளளவிற் பத்திலொரு பங்கான மெல்லிய மின்னோட்டத்தைப் பதினான்கு முதற் பதினாறு மணிநேரம்வரை செலுத்துதலாம். நெடுநாள் கடையிற் கிடந்த கலம் தன் முழுக் கொள்ளளவைப் பெறுவதற்கு முதலேற்றம் நீண்டதாக இருத்தல் வேண்டும். 'எட்டு மணிநேரம்' என்னும் விதியின் வேர் இதுவேயாம்.

முற்றாக இறக்கும் விதியின் வேர் இன்னும் தொலைவில், வானவெளியில் உளது. புவியைச் சுற்றும் செயற்கைக் கோள் ஒவ்வொரு சுற்றிலும் ஒளியில் மின்னேறி நிழலில் மின்னிறங்கும். சுற்றுத்தோறும் இறங்கும் அளவு ஏறத்தாழ ஒன்றே. இவ்வாறு ஒரே அளவு பன்முறை இறங்கி ஏறிய நிக்கல்-கட்மியக் கலங்கள், பின்னர் அவ்வளவைக் கடந்து மின்சாரம் கேட்டபோது உவோற்றளவு வீழ்ந்து தளர்ந்தன. கலம் தான் பழகிய எல்லையை நினைவில் வைத்துக்கொண்டது போன்ற தோற்றம். இதனை ஆராய்ந்தோர் 'நினைவு விளைவு' எனப் பெயரிட்டனர். முற்றாக இறக்கி மீண்டும் ஏற்றினால் நினைவு அழியும். கலம் பழைய நிலையை அடையும். உண்மையில், வீட்டுப் பாவனையில் ஒரே அளவாக இறக்கி ஏற்றுவார் அரியர். அங்குக் கண்ட தளர்ச்சி பெரும்பாலும் மிகையாக மின்னேற்றியதால் விளைந்தது. எனினும் இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றாக இருந்தமையால் விதி பிழைக்கவில்லை, மேலும் உறுதிப்பட்டது.

கைத்தொலைபேசி பிறந்ததும் இக்கலத்தின் மடியிலேயே. மோட்டோரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரில் 3 ஆம் நாள் நியூயோர்க் நகர வீதியில் நின்று கையடக்கப் பேசியில் முதலாவது அழைப்பை விடுத்தார். அதன் நிறை ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது. மின்கலம் விரைவில் தீர்ந்தது உண்மையே, ஆயினும் அத்துணைப் பாரத்தை அதற்குமேல் ஒருவராற் காதருகே தூக்கிப் பிடிக்கவும் இயலாது என்று கூப்பர் பிற்காலத்தில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. பத்தாண்டு கழித்து விற்பனைக்கு வந்த பேசி 3,995 டொலர் விலையுடையது. அரைமணி நேரம் பேசுவதற்கு ஏறத்தாழப் பத்து மணிநேரம் மின்னேற்றவேண்டியிருந்தது. திறன்பேசிகளின் மூதாதை எனப்படும் ஐபிஎம் நிறுவனத்தின் 'சைமன்' 1994 இல் வெளிவந்தது. அதனுள் இருந்ததும் நிக்கல்-கட்மியக் கலமே. அது நின்றது ஏறக்குறைய ஒரு மணிநேரம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய நொக்கியா 3310 பேசியுடன் வந்தது நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலம். அதுவும் நிக்கற் குடும்பத்ததே. இலங்கையில் 1989 இல் தொடங்கிய செல்லிடத் தொலைபேசிச் சேவை சாதாரண மக்களை எட்டிய காலத்தில், கடைக்காரர் வாங்குவோர்க்குக் கூறிய விதிகள் இக்குடும்பத்துக்கு உரியனவாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அக்காலத்திலேயே வேறொரு கலம் வந்துவிட்டது. அதன் கதை சற்று விரிவாகக் கூறற்பாலது. இன்றைய விதிகள் யாவும் அக்கதையிலிருந்தே பிறக்கின்றன.

உலோகங்களுள் மிக இலேசானது இலித்தியம். இலத்திரனை விட்டுக்கொடுப்பதில் அதற்கு நிகரில்லை. மின்கலத்துக்கு இவையிரண்டும் பெருஞ் சிறப்புகள். ஆனால் நீரைக் கண்டால் எரியும் பொருளைக் கொண்டு கலம் அமைப்பது எங்ஙனம்? 1970 களிற் பெற்றோலிய விலை உயர்ந்தபோது, எக்சன் என்னும் எண்ணெய் நிறுவனமே பெற்றோலியத்துக்கு மாற்று வழிகளைத் தேடலாயிற்று. அங்குப் பணியாற்றிய பிரித்தானியரான ஸ்ரான்லி விற்றிங்ஹாம், தைத்தானியம் இருசல்பைட்டு என்னும் பொருளின் அடுக்குகளுக்கிடையே இலித்திய அயன்கள் நுழைந்து வெளிவரக் கண்டு, அதனை ஒருபுறமும் இலித்திய உலோகத்தை மறுபுறமும் வைத்துக் கலம் ஆக்கினார். இரண்டு உவோற்றுக்கு மேற் கிடைத்தது. ஆயின் மீண்டும் மீண்டும் மின்னேற்றும்போது இலித்தியம் சமமாகப் படியாமல் மயிர்போன்ற முளைகளாக வளர்ந்து, மறுமுனையைத் தொட்டுத் தீயை விளைத்தது. ஆய்வுகூடத்துத் தீயை அணைக்கப் பன்முறை வந்த தீயணைப்புப் படையினர், இலித்தியத் தீயை அணைக்கும் சிறப்பு இரசாயனங்களின் செலவை ஆய்வுகூடமே ஏற்கவேண்டும் என்று எச்சரித்தனராம். எக்சன் நிறுவனமும் சில ஆண்டுகளில் அம்முயற்சியைக் கைவிட்டது.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் யோன் குடினஃப். இவர் 1922 இல் செர்மனியின் யேனா நகரிற் பிறந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரில் வானிலை ஆய்வாளராகக் கடமையாற்றியவர். 1976 முதல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் அசேதன இரசாயன ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவர். சல்பைட்டுக்குப் பதிலாக ஒட்சைட்டைக் கொண்டால் உவோற்றளவு உயரும் என்பது அவர் துணிபு. யப்பானியரான கொயிச்சி மிசுஷிமா முதலானோருடன் சேர்ந்து 1980 இல் இலித்தியம் கோபாற்று ஒட்சைட்டை அவர் வெளிப்படுத்தியபோது நான்கு உவோற்று வரை கிடைத்தது. உலகின் தொடர்பாடலையே மாற்றவிருந்த இக்கண்டுபிடிப்புக்கு உரிமப் பாதுகாப்புப் பெறுவதில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் ஆர்வம் காட்டவில்லை. ஹாவெல் அணுசக்தி ஆய்வு நிலையம் அதனைப் பதிவுசெய்தது. குடினஃப் தம் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டார். கோடிக்கணக்கான கருவிகளில் உறையும் அக்கண்டுபிடிப்பால் அவருக்கு உரிமப்பணம் ஒன்றும் வந்ததில்லை. அறிஞர் உலகில் இது புதிதன்று. எனினும் கூறாது விடத்தக்கதுமன்று.

எஞ்சி நின்றது மறுமுனை. அபாயமான இலித்திய உலோகத்தை முற்றாக நீக்கி, அயன்களுக்கு உறைவிடமாகக் காபன் பொருளொன்றை வைக்கும் வழியை யப்பானில் அசாகி கசெய் நிறுவனத்தைச் சேர்ந்த அகிரா யொஷினோ 1985 இற் கண்டார். அவர் கையாண்டது பெற்றோலியக் கரி. பின்னர் அதன் இடத்தைக் காரீயம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான கனியம் இதுவே; போகலைச் சுரங்கத்தில் இன்றும் தோண்டப்படுகின்றது. யொஷினோ தம் கலத்தின்மேற் கனத்த இரும்புத் துண்டை விழச்செய்து சோதித்தார், தீப்பற்றவில்லை. அக்கணமே இலித்தியம்-அயன் கலம் பிறந்த கணம் என்று அவர் பின்னாளிற் குறிப்பிட்டார். இதற்கு மாறாக, இலித்திய உலோகத்தையே நம்பிக் கலம் செய்த கனடாவின் மொலி எனர்ஜி நிறுவனம், யப்பானிற் பேசிகள் தீப்பற்றியதன் விளைவாக 1989 இல் அவற்றைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. சோனி நிறுவனம் இலித்தியம்-அயன் கலத்தை 1991 இற் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு தொடங்கி 2018 வரை அதன் விலை ஏறத்தாழ 97 சதவீதம் வீழ்ந்ததாகக் கணித்துள்ளனர். விற்றிங்ஹாம், குடினஃப், யொஷினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அப்போது குடினஃபுக்கு வயது 97. அப்பரிசைப் பெற்றோருள் மிக முதியவர் அவரே. அவர் 2023 யூன் மாதத்தில் மறைந்தார்.

இனி, இக்கலம் தொழிற்படும் முறையை நோக்குதல் வேண்டும். மின்னேற்றும்போது இலித்திய அயன்கள் கோபாற்று ஒட்சைட்டை விட்டுப் புறப்பட்டு, இடையிலுள்ள மின்பகுபொருளைக் கடந்து, காரீய அடுக்குகளிற் குடிபுகும். மின்னிறங்கும்போது புறப்பட்ட இடத்துக்கே மீளும். ஊஞ்சல்போல் இரு கரைக்கும் சென்று வருவதன்றிப் பொருள் எதுவும் செலவாவதில்லை; செலவாகாதென்றே கோட்பாடு கூறும். ஆனால் நடைமுறை வேறு. முதலேற்றத்திலேயே காரீயத்தின்மேல் மெல்லிய படலமொன்று உண்டாகின்றது. அப்படலம் கலத்தைக் காக்கும் போர்வை. அதுவின்றிக் கலம் நிலைபெறாது. அதே வேளையில் அது சிறிது சிறிதாகத் தடித்து, பயணஞ்செய்யும் இலித்தியத்தைத் தன்னுட் சிறைப்படுத்துகின்றது. சிறைப்பட்ட அயன் மீள்வதில்லை. மூன்றாண்டு கழிந்த பேசி நண்பகலிற் சோர்வதற்குக் காரணம், அதனுள் ஊசலாட எஞ்சிய இலித்தியம் குறைந்துவிட்டமையும், படலம் தடித்து உட்டடை மிகுந்தமையுமேயாம்.

இப்படலத்தை விரைந்து தடிக்கச் செய்வது எது? முதலாவது, வெப்பம். இரண்டாவது, நிறைவு. கலம் முழுமையாக நிறைந்து நான்கு உவோற்றுக்கு மேல் நிற்கும்போது உள்ளிருக்கும் பொருள்கள் பெரும் நெருக்கடியில் நிற்கின்றன, மின்பகுபொருள் சிதைகின்றது. வெப்பமும் நிறைவும் ஒருங்கு சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். பரவலாக எடுத்தாளப்படும் கணிப்பொன்றின்படி, 40 சதவீத நிறைவுடன் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஓராண்டு வைக்கப்பட்ட கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 சதவீதத்தைக் காக்கும். முழு நிறைவுடன் வைத்தால் 80 சதவீதமே எஞ்சும். வெப்பநிலை 40 பாகையாயின், 40 சதவீத நிறைவுடைய கலத்தில் 85 சதவீதமும், முழு நிறைவுடைய கலத்தில் 65 சதவீதமும் எஞ்சும். கலம் ஒருமுறையேனும் பாவிக்கப்படாமல் வெறுமனே கிடந்தபோதே இந்நிலை என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

இக்கலத்துக்கு நினைவு விளைவு என்று அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை. முற்றாக இறக்கி முற்றாக ஏற்றுதல் அதற்கு ஓய்வன்று, உழைப்பு. ஆழமாக இறங்கி உயர ஏறும் ஒவ்வொரு சுற்றும், நடுநிலையிற் சிறிது இறங்கிச் சிறிது ஏறும் பல சுற்றுகளைக் காட்டிலும் தேய்வை மிகுதியாக விளைக்கும். ஆதலாற் பழைய விதி பயனற்றுப் போனதோடு நில்லாமல், தான் காக்கவந்த பொருளையே கெடுப்பதாயிற்று. புதிய பேசிக்கு எட்டு மணிநேர ஏற்றமும் வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே முதலேற்றம் நடைபெற்றுவிடுகின்றது. நிறைந்தவுடன் பேசி தானே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்கின்றது.

ஈண்டு ஒரு வேற்றுமையைத் தெளிதல் அவசியம். மின்கலத்தின் ஆயுள் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இருவகைப்படும். ஒருமுறை ஏற்றிய மின்சாரம் எத்தனை மணிநேரம் நிற்கும் என்பது ஒன்று. கலம் எத்தனை ஆண்டு வாழும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதும் உண்டு. நாடோறும் நூறு சதவீதம் நிரப்புவோர் மணிநேரத்தைப் பெறுகின்றனர், ஆண்டை இழக்கின்றனர். எண்பதோடு நிறுத்துவோர் நிலை அதற்கு மறுதலை. எதனைக் கொள்வது என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது எண்பது சதவீத விதியைக் கடைப்பிடிப்பது பேதைமையாக இருந்திருக்கும். நோயாளரை வீட்டில் வைத்திருந்தோர்க்கு அன்று வேண்டியது கலத்தின் நீண்ட ஆயுள் அன்று. நள்ளிரவில் ஓர் அழைப்பு விடுக்கத் தக்க மின்சாரம்.

மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கும் பொருட்டுப் பேசியில் மின்சாரத்தைச் சேமிக்கவேண்டும் என்று எண்ணுவதும் பிழை. 5,000 மில்லியம்பியர் மணிக் கலமொன்றில் அடங்குவது ஏறத்தாழ 19 உவாற்று மணி. அதனை நாடோறும் முழுமையாக நிரப்பினும் ஓராண்டுக்கு ஏழு அலகே ஆகும். மின்னேற்றியில் வீணாவதைக் கூட்டினாலும் பெரிதாக மிகாது. காக்கவேண்டியது மின்சாரத்தை அன்று, அதனை ஏந்தும் கலத்தை.

ஒருநாட் செலவைக் குறைக்கும் வழிகளிலும் பழைய நம்பிக்கைகள் கலந்துள்ளன. செலவிற் பெரும்பங்கு திரையினது. ஒளியைக் குறைப்பதே முதல் வழி. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகைத் திரைகளிற் கரிய பின்னணியை அமைப்பின் மிக்க சேமிப்பு உண்டாகும் என்பர். அமெரிக்காவின் பேடியூ பல்கலைக்கழகத்தார் 2021 இற் செய்த ஆய்வு இதனைத் திருத்திக் கூறுகின்றது. திரையை முழு ஒளியில் வைத்தால் 39 முதல் 47 சதவீதம் வரை சேமிப்பு உண்டு. வீட்டுக்குள் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 சதவீத ஒளியிற் சேமிப்பு 3 முதல் 9 சதவீதமே. பாவித்த செயலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடும் வழக்கமும் அவ்வாறானதே. அப்பிள் நிறுவனத்திலும் அன்ட்ரொயிட் அமைப்பிலும் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்தோர் 2016 இல் அதனாற் பயனில்லை என்று தெரிவித்தனர். மூடிய செயலியை மீளத் திறப்பதற்கும் மின்சாரம் வேண்டுமன்றோ? அவ்வழக்கம் பிறந்தது மேசைக் கணினியின் பழக்கத்திலிருந்து. பேசியோ உறங்கும் செயலிகளைத் தானே அடக்கி வைக்கும். 2015 இல் வந்த அன்ட்ரொயிட் ஆறாம் பதிப்பு, அசையாது கிடக்கும் பேசியின் பின்னணி வேலைகளைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்தது. பலராலும் கவனிக்கப்படாதது சமிக்ஞையின் வலுவாகும். கோபுரம் தொலைவில் இருக்குமாயின் பேசி தன் அலைபரப்பியை உரத்துத் தொழிற்படுத்தும். சமிக்ஞை எட்டாத ஊரில் ஒரு பகற்பொழுது கழித்தோர், பேசியைத் தொடாதிருந்தும் கலம் வற்றிப்போனதைக் கண்டிருப்பர்.

கலத்தின் ஆண்டுகளைக் காக்கும் வழிகளோ சில. அவற்றுட் தலையானது வெப்பம் தவிர்த்தல். ஐபோனுக்கு உகந்த சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகைக்கு உட்பட்டது என்று அதனை ஆக்கியோர் கூறுகின்றனர். குளிர்நாட்டார்க்கு அது தொலைவான எல்லை. வெப்பநாட்டார்க்கோ வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சில நிமிடங்களிற் கடந்துவிடும் எல்லை. தலையணைக்கீழ் வைத்து மின்னேற்றுதல், மின்னேற்றியவாறே நெடுநேரம் விளையாடுதல், தடித்த உறைக்குள் வைத்தே விரைவேற்றம் செய்தல் ஆகிய மூன்றும் ஒரே குற்றத்தின் மூன்று வடிவங்கள். இரவு முழுவதும் மின்னேற்றியிற் கிடத்தலால் கலம் வெடித்துவிடும் என்னும் அச்சம் பெரும்பாலும் மிகையானது. காலைவரை நூறு சதவீதத்தில் நிற்பதே அங்குள்ள தீமை. இதனை உணர்ந்தே 2019 இல் ஐபோனில் எண்பது சதவீதத்தில் நிறுத்திவைத்து, உரியவர் விழிக்கும் வேளைக்குச் சற்று முன்னர் எஞ்சியதை நிரப்பும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. 2023 இல் வந்த பேசிகளில் எண்பதோடு முற்றாக நிறுத்தும் தெரிவும் இடம்பெற்றது. நெடுங்காலம் பாவியாது வைக்கவேண்டின் பாதி நிறைவில் வைத்தல் நன்று. வெறுமையாக வைத்த கலம் உறங்கியவாறே மேலும் இறங்கி, மீட்க இயலாத நிலையை அடைதல் கூடும்.

எவ்வளவு பேணினும் கலம் ஒருநாள் மூப்படையும். அப்போது அதனை மாற்றுவது யார் என்பது இரசாயனத்தின் எல்லையைக் கடந்த வினா. நொக்கியாக் காலத்தில் முதுகு மூடியை நகத்தாற் கழற்றிப் புதிய பற்றரியை இடுவது சிறுவர்க்கும் கைவந்த செயல். 2007 இல் வெளிவந்த முதலாவது ஐபோன் கலத்தை உள்ளே அடைத்து மூடிற்று. காலப்போக்கில் ஏனையோரும் அவ்வழியே சென்றனர். பேசி மெலிந்தது, நீர்புகாத் தன்மை பெற்றது. கலமோ உரியவர் கையைவிட்டு அகன்றது. அடைத்து மூடியதன் விலை 2016 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஓகத்தில் வெளிவந்த சம்சுங் கலக்சி நோட் 7 பேசிகள் சில தீப்பற்றின. செத்தெம்பரில் அவை திரும்பப் பெறப்பட்டன. மாற்றாக வழங்கப்பட்டவையும் தீப்பற்றவே, ஒத்தோபரில் அப்பேசியே கைவிடப்பட்டது. இரு வழங்குநரின் கலங்களில் இருவேறு குறைகள் இருந்தமை 2017 சனவரியில் வெளியான விசாரணை முடிவால் தெரியவந்தது. கலத்தை மட்டும் கழற்றி மாற்றத்தக்கதாக இருந்திருப்பின் முழுப் பேசிகளையும் திரும்பப் பெறவேண்டி நேர்ந்திராது என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஆண்டில் வேறொரு விவகாரம் எழுந்தது. மூப்படைந்த கலத்தையுடைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்கும் பொருட்டு அவற்றின் வேகத்தை மென்பொருளாற் குறைத்து வந்ததாக அப்பிள் நிறுவனம் 2017 திசெம்பரில் ஒப்புக்கொண்டது. மூத்த கலத்தின் உட்டடை மிகுந்து, கணப்பொழுதிற் பெரிய மின்னோட்டத்தைத் தர இயலாமற்போவதால் இரசாயன நோக்கில் அந்நடவடிக்கைக்கு நியாயம் உண்டு. ஆனாற் சொல்லாமற் செய்தமைக்கு நியாயம் இல்லை. கலம் தேய்ந்ததை அறியாதவர் பேசியே பழுதாயிற்று என்று கருதிப் புதியதை வாங்கியிருப்பர். கலம் மாற்றும் கட்டணம் 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைக்கப்பட்டது. 2020 பெப்ரவரியிற் பிரான்சு அரசு 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அதன் அடுத்த மாதத்தில் அமெரிக்க வழக்கொன்றை 500 மில்லியன் டொலர் வரை செலுத்தித் தீர்க்க நிறுவனம் இணங்கியது.

இதன்பின் சட்டம் கலத்துக்குள் நுழைந்தது. கையடக்கக் கருவிகளின் கலத்தைப் பாவனையாளரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைத்தல் வேண்டும் என்றும், அது 2027 பெப்ரவரி 18 முதற் செயற்படும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் விதி இயற்றிற்று. 2025 யூன் 20 முதல் அங்கு விற்கப்படும் திறன்பேசிகளின் கலம், 800 முறை ஏறி இறங்கியபின்னும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைக் காத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. அவ்விதியிலேயே ஆக்குவோர்க்கு வழியொன்றும் விடப்பட்டுள்ளது. 1,000 சுற்றுகளின் பின்னும் 80 சதவீதம் நிற்கும் கலத்தை நீரும் தூசும் புகாத பேசிக்குள் வைப்பாராயின், எவரும் எளிதிற் கழற்றும்படி அமைக்கவேண்டிய கடமை அவர்க்கில்லை. நாளுக்கு ஒரு சுற்றாகக் கொண்டால் ஆயிரம் சுற்று என்பது மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.